ரேடான் விசிறி ஈரத்தையும் போக்குமா?

குளிர்ந்த நீர் நிரப்பிய செம்பு ஒன்றைக் கோடை நாளில் மேசைமீது வைத்தால், சற்று நேரத்தில் அதன் வெளிப்புறம் வியர்த்துவிடுகிறது. செம்பு கசியவில்லை. காற்றில் இருந்த நீராவியே குளிர்ந்த பரப்பில் பட்டு நீர்த்துளிகளாகப் படிகிறது. பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த உண்மை இது. இந்த எளிய உண்மையை ஒதுக்கிவிட்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டுரிமையாளர்களுக்கு ஓர் அறிவுரை கூறப்பட்டு வருகிறது. “ரேடானை வெளியேற்றும் விசிறியைப் பொருத்துங்கள், நிலவறையின் ஈரமும் அதனோடு போய்விடும்” என்பதே அந்த அறிவுரை. இது முழுப் பொய் அன்று, அரை உண்மை. ஆனால் முழுப் பொய்யைவிட அரை உண்மையே மக்களை எளிதில் ஏமாற்றுகிறது. ஆகவே இக்கூற்றைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நிலத்திலிருந்து வரும் வாயு

பாறையிலும் மண்ணிலும் சிறிதளவு யுரேனியம் எங்கும் உள்ளது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியம் ஆகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் ஆகிறது. இந்த வரிசையில் ரேடான் ஒன்றே வாயு. அதற்கு நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. அதன் அரைவாழ்வு 3.8 நாட்கள். மண்ணின் நுண்துளைகள் வழியே வீட்டுக்குள் புகுவதற்கு இக்காலம் போதுமானது. ரேடான் சிதையும்போது பொலோனியம் முதலிய திடப்பொருள்கள் தோன்றுகின்றன. இவை மூச்சுடன் சென்று நுரையீரலில் படிந்து ஆல்பா துகள்களை வீசுகின்றன. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 21,000 பேர் ரேடானால் விளையும் நுரையீரல் புற்றுநோய்க்குப் பலியாவதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டுள்ளது. புகைபிடிப்போருக்கு இந்த ஆபத்து பன்மடங்கு மிகுதி.

இதனை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி 1984ஆம் ஆண்டு டிசம்பரில் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்தது. லிமெரிக் என்னுமிடத்தில் அணுமின் நிலையம் ஒன்று கட்டப்பட்டு வந்தது. அங்குப் பணியாற்றிய ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் நிலையத்தின் கதிரியக்கச் சோதனைக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அபாய மணி ஒலித்தது. வேலைக்கு உள்ளே நுழையும்போதே மணி ஒலித்ததால், கதிரியக்கம் நிலையத்தில் அவரைப் பற்றியது அன்று, வீட்டிலிருந்து வருகிறது என்பது புலனாயிற்று. அவருடைய வீட்டில் ரேடான் அளவு ஒரு லிட்டர் காற்றுக்கு ஏறத்தாழ 2,700 பிக்கோகியூரி இருந்தது. அதாவது ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பெக்கரல். 4 பிக்கோகியூரி, அதாவது 148 பெக்கரல் இருந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அமெரிக்க முகமை கூறுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் 100 பெக்கரல் என்ற வரையறையைப் பரிந்துரைத்தது.

விசிறி செய்யும் வேலை

குளிர் நாடுகளில் வீட்டின் அடியில் நிலவறை அமைப்பது வழக்கம். குளிர்காலத்தில் வீட்டினுள் சூடான காற்று மேலெழுந்து கூரைப் பக்கம் வெளியேறுகிறது. அதனால் நிலவறையின் அழுத்தம் மண்ணினுள் இருக்கும் அழுத்தத்தைவிடச் சில பாஸ்கல் குறைகிறது. இந்தச் சிறு வேறுபாடே தரைப் பிளவுகள் வழியாக மண் காற்றை உறிஞ்சி உள்ளே இழுக்கிறது. ரேடானும் அதனுடன் வருகிறது.

இதற்குப் பரிகாரம் எளிது. நிலவறைக் கான்கிரீட் தளத்தில் துளையிட்டு, அடியிலுள்ள ஜல்லிப் படுகைவரை ஒரு பி.வி.சி. குழாயை இறக்குகிறார்கள். குழாயில் ஒரு விசிறியை இணைத்து, மண் காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விட்டுவிடுகிறார்கள். இப்போது தளத்துக்கு அடியில் உள்ள அழுத்தம் அறையின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடுகிறது. காற்று அறையிலிருந்து மண்ணை நோக்கிச் செல்கிறதே ஒழிய, மண்ணிலிருந்து அறைக்கு வருவதில்லை. நன்றாக அமைத்தால் ரேடானில் 50 முதல் 99 விழுக்காடு வரை குறைக்கலாம். ரேடானைப் பொறுத்தவரை இம்முறை மீது நமக்கு எக்குறையும் இல்லை. ஈரத்தைப் பற்றிய வாக்குறுதியே நம் விமர்சனத்துக்கு உரியது.

உண்மையின் ஒரு பாதி

மண் காற்று பெரும்பாலும் நீராவியால் தெவிட்டியே இருக்கும். அதைத் தடுத்தால் அதனுடன் வரும் ஈரமும் தடைபடும் என்பது சரியான வாதமே. மண் தரை மீது பாலித்தீன் விரிப்பைப் பரப்பி, அதன் அடியிலிருந்து காற்றை உறிஞ்சும் அமைப்பிலும் இந்நன்மை கிடைக்கிறது. அங்கு விரிப்பே மண்ணின் ஈரத்தைத் தடுத்துவிடுகிறது.

அமெரிக்க முகமை 2008இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பென்சில்வேனியாவில் மூன்று வீடுகளின் நிலவறைகளில் விசிறியை ஓட்டியும் நிறுத்தியும் ஈரத்தை அளந்தனர். விசிறி ஓடும்போது நிலவறை உலர்ந்தது தெரியவந்தது. கோடையல்லாத பருவங்களில் அது தெளிவாகப் புலப்பட்டது. அறிக்கையே தன்னை முன்னோட்ட ஆய்வு என்றுதான் அழைத்துக்கொள்கிறது. மூன்று வீடுகள், ஒரே மாநிலம். ஆனால் “விசிறி வீட்டை உலர்த்தும்” என்று பேசுவோரிடத்தில் வீடுகளின் எண்ணிக்கையும் இல்லை, பருவமும் இல்லை. ஆய்வு எச்சரிக்கையுடன் சொன்னதை வணிகம் எச்சரிக்கையின்றிச் சொல்கிறது.

கோடையில் நடப்பது என்ன?

விசிறி உறிஞ்சுவது மண் காற்றை மட்டும் அன்று. தளத்தின் பிளவுகள், சுவரும் தரையும் கூடும் இடுக்கு, நீர் சேரும் குழி ஆகியவற்றின் வழியே வீட்டுக் காற்றும் இழுக்கப்பட்டு வெளியேறுகிறது. வெளியேறிய காற்றின் இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஆகவே, “வரும் காற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது?” என்ற கேள்வியே முதன்மையானது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக 17.3 கிராம் நீராவியைக் கொள்ளும். நிலவறைக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால், அதில் இருப்பது ஏறத்தாழ 8.6 கிராம். விசிறி மணிக்கு 30 கன மீட்டர் வீட்டுக் காற்றை வெளியேற்றுவதாகவும், அதன் இடத்தில் முழுவதும் வெளிக்காற்றே வருவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 720 கன மீட்டர்.

குளிர்காலத்தில் வெளிக்காற்று உறைநிலைக்குக் கீழே 2 பாகையில் இருந்து, ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு ஆனாலும், அதில் உள்ள நீர் கன மீட்டருக்கு 3.3 கிராம்தான். அது உள்ளே வந்து சூடானால் மிக உலர்ந்த காற்றாகிவிடும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் நீர் நிலவறையை விட்டு வெளியேறும்.

கோடையில் வெளிக்காற்று 29 பாகையில், ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடு உடையதாக இருந்தால், அதில் உள்ள நீர் கன மீட்டருக்கு 17.3 கிராம். இப்போது அதே விசிறி, அதே வேகத்தில் ஓடி, நாளொன்றுக்கு 6 லிட்டருக்கு மேல் நீரை நிலவறைக்குள் கொண்டுவந்து சேர்க்கும்! இக்காற்றின் பனிநிலை 20 பாகை. மண்ணை ஒட்டிய நிலவறைச் சுவர் 17 பாகையில் இருந்தால், அச்சுவர் நம் செம்பைப் போலவே வியர்க்கத் தொடங்கும். பிறகு பூஞ்சணம் பூக்கும், மரச்சட்டங்கள் இற்றுப்போகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 12 பாகையிலுள்ள மண் காற்று முழுதும் தெவிட்டியிருந்தாலும் அதில் கன மீட்டருக்கு 10.7 கிராம் நீர்தான் உண்டு. கோடையில் “உலர்ந்ததாக” நமக்குத் தோன்றும் வெளிக்காற்று, ஈர மண்ணின் காற்றைவிட மிகுதியான நீரைச் சுமந்து வருகிறது. மண் காற்றைத் தடுப்பதனால் மட்டும் கோடை ஈரத்தை வெல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நீரைப் பற்றிய மற்றொரு மயக்கமும் உண்டு. மழைநீர் சுவரோரத்தில் தேங்கினால், அது நுண்துளை ஏற்றத்தால் கான்கிரீட்டுக்குள் ஊறிவரும். இது காற்றுடன் வரும் நீராவி அன்று. திரவமாக வரும் நீர். எத்தனை விசிறி வைத்தாலும் கூரை நீர் வடியும் குழாயைச் சரிசெய்யாமல் இவ்வீரம் போகாது.

அரை உண்மையின் விளைவு

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். ஈரம் போகும் என்று நம்பி விசிறியைப் பொருத்தியவர், முதற்கோடையில் சுவர் வியர்ப்பதைக் காண்கிறார். விசிறிதான் காரணம் என்று முடிவுகட்டி அதை நிறுத்திவிடுகிறார். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்கும் தெரிகிறது. ரேடான் இரண்டுக்கும் தெரிவதில்லை. விசிறி நின்றால் ரேடான் மீண்டும் சேரத் தொடங்கிவிடும். பணம் செலவழித்து அமைத்த பாதுகாப்பு, பொய்யான ஒரு வாக்குறுதியினால் பயனற்றுப் போகிறது. நம் குறைபாட்டின் சாரம் இதுதான்.

இரண்டாவது கேடு, ஈரத்தை விரைவில் போக்க வேண்டும் என்று தேவைக்கு மிஞ்சிய வலிமையுள்ள விசிறியைப் பொருத்துவது. தளம் சரியாக அடைக்கப்படாத வீட்டில் இவ்விசிறி நிலவறையின் அழுத்தத்தையே தாழ்த்திவிடும். அங்கு எரிவாயு அடுப்புலையோ வெந்நீர்க் கொதிகலனோ இருந்தால், புகைபோக்கி வழியே மேலே செல்ல வேண்டிய புகை கீழே திரும்பும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கக்கூடும். புற்றுநோயைத் தடுக்கச் சென்று நச்சுவாயுவை வரவழைத்த கதை ஆகிவிடும்.

மூன்றாவது, ஈரம் அளவையையும் பிழையாக்குகிறது. ரேடானை அளக்கக் கிளர்வுற்ற கரி அடங்கிய சிறு டப்பாவைச் சில நாட்கள் அறையில் வைக்கும் முறை ஒன்று உண்டு. ஈரமிக்க அறையில் கரி நீராவியையும் உறிஞ்சிக்கொள்வதால் ரேடானைக் குறைவாகவே ஏற்கும். டப்பாவை எடைபோட்டு, ஏறிய நீருக்கேற்பத் திருத்தம் செய்யாவிட்டால், உண்மையைவிடக் குறைந்த எண்ணே கிடைக்கும்.

ஈரநீக்கி ரேடானை நீக்குமா?

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. ஈரம் நீக்கும் எந்திரம் ஒன்றை வைத்தால் ரேடானும் குறையும் என்பது அது. இவ்வெந்திரம் காற்றைக் குளிர்ந்த குழாய்களின்மீது செலுத்தி, நீராவியை மட்டும் நீராக்கி வடித்துவிடுகிறது. ரேடான் ஒரு மந்த வாயு. சாதாரண அழுத்தத்தில் அதைத் திரவமாக்க ஏறத்தாழ −62 பாகைவரை குளிர்விக்க வேண்டும். ஆகவே எந்திரத்தினுள் சென்ற ரேடான் அப்படியே அறைக்குத் திரும்பி வருகிறது. இரண்டு நோய்களுக்கு இரண்டு மருந்துகள் தேவை. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் பிளவுகளையும் இடுக்குகளையும் அடைத்து, நீர் சேரும் குழிக்குக் காற்றுப் புகாத மூடி இட வேண்டும். அடைப்பது மட்டுமே ரேடானைத் தடுத்துவிடாது. ஆனால் விசிறி வீட்டுக் காற்றை வீணாக உறிஞ்சுவதைக் குறைக்கும். நம் கணக்கில் கண்ட 30 கன மீட்டர் 10 ஆகக் குறைந்தால், கோடையில் வரும் 6 லிட்டரும் 2 லிட்டராகக் குறையும். அடுத்து, தளத்துக்கு அடியில் அழுத்தத்தை அளந்து, தேவையான அளவுக்கே விசிறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புகை திரும்புகிறதா என்று சோதிக்க வேண்டும். குழாய்க்குள் செல்லும் ஈரக் காற்று குளிர்ந்து நீராகும். அது மண்ணுக்கே வடிந்துவிடும்படி குழாயைச் சரிவாக அமைக்க வேண்டும். சரிவு தவறினால் வளைவில் நீர் தேங்கிக் குழாய் அடைபட்டுவிடும்.

கோடையில் நிலவறைக்குத் தனியே ஓர் ஈரநீக்கி வைத்து, ஒப்பு ஈரப்பதத்தை 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிறுத்துவது நல்லது. 60ஐத் தாண்டவிடக் கூடாது. விசிறியையோ எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது.

வேலை முடிந்தபின் ரேடானை மீண்டும் அளந்து பார்ப்பது அந்நாட்டில் நிலைபெற்ற நல்ல வழக்கம். ஆனால் அந்த ஓர் எண்ணோடு பலரும் நிறைவடைந்துவிடுகின்றனர். குளிர்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் ஈரப்பதத்தையும் அளந்து குறித்துக்கொள்ளும்படி வீட்டுக்காரருக்குச் சொல்லப்பட்டால், “உலர்த்தும்” என்ற வாக்குறுதியின் உண்மை தானே வெளிப்பட்டுவிடும். இதற்கு வேண்டியது விலை குறைந்த ஓர் ஈரமானிதான்.

விசிறிக்கு ஈரம் என்றால் என்னவென்று தெரியாது. அது காற்றை நகர்த்துகிறது, அவ்வளவே. வரும் காற்று உலர்ந்திருந்தால் வீடு உலரும். ஈரமாக இருந்தால் வீடு நனையும். இதைத் தெளிவாகச் சொல்லி விசிறியை விற்பதால் யாருக்கும் இழப்பு இல்லை. சொல்லாமல் விற்றால், ஒரு கோடைநாளில் அந்த விசிறி நிறுத்தப்படும். அதன் விலையை அந்த வீட்டில் வாழ்வோரின் நுரையீரல் கொடுக்க நேரும்.