யஃகூப்: ஒரு பெயரும் அதன் எதிர்முகமும்

எமது சிறுகதைகளில் பாத்திரங்களின் பெயர்கள் பெரும்பாலும் அடையாள அட்டையின் வேலையையே செய்கின்றன. யஃகூப் என்றால் முஸ்லிம், யாக்கோபு என்றால் கிறிஸ்தவர். நான் தினமும் வாசிக்கும் வகுப்பு இடாப்புக்கும் அக்கதைகளுக்கும் இவ்விடயத்தில் வேறுபாடு இல்லை. விமர்சகர்களும் பெயர்நூல்களில் உள்ள ஒருவரிப் பொருளைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். இது போதாது என்பதே எனது கருத்து.

எபிரேய மூலம் 'யஅகோவ்'. 'அகேவ்' என்றால் குதிகால். ஆதியாகமம் இப்பெயருக்கு இரு விளக்கங்கள் தருகிறது. 25ஆம் அதிகாரத்தில், தமையனின் குதிகாலைப் பற்றியபடி பிறந்ததால் வந்த பெயர். 27ஆம் அதிகாரத்தில், தந்தையின் ஆசியை இழந்த தமையன் ஏசா அதே பெயருக்கு 'எத்தன்' எனப் பொருள் கொண்டு குமுறுகிறான். சொல்பவர் யார் என்பதைப் பொறுத்தே பொருளும் அமைகிறது.

அல்குர்ஆனில் குதிகால் கதையும் இல்லை, வஞ்சனையும் இல்லை. ஹூத் அத்தியாயத்தின் 71ஆம் வசனம் இஸ்ஹாக்கையும் அவருக்குப் பின் யஃகூபையும் பற்றி நன்மாராயம் கூறுகிறது. அரபியிலும் 'அகிப்' குதிகாலே. அவ்வேருக்குப் 'பின்வருதல்' என்ற பொருளும் உண்டு. யூஸுப் அத்தியாயத்தில் நாம் காண்பது, மகனை எண்ணிய துயரத்தால் கண்கள் வெளுத்துப்போன ஒரு தந்தையை.

மேற்கே சென்ற பெயர் லத்தீனில் 'யாகோபுஸ்' ஆகி, ஆங்கிலத்தில் ஜேக்கப், ஜேம்ஸ் என இரண்டாயிற்று. இதே பெயரைத் தாங்கிய இயேசுவின் சீடர் ஒருவர் ஸ்பெயினில் 'சந்தியாகோ' ஆனார். முஸ்லிம்களுக்கெதிரான போர்களில் அப்பெயரே போர்முழக்கம். 'மூர்களைக் கொன்றவர்' என்ற பட்டமும் அவருக்குச் சூட்டப்பட்டது. அந்த 'மூர்' என்ற சொல்லைத்தான் போர்த்துக்கேயர் இலங்கையில் எமது முன்னோருக்கும் இட்டனர். அவர்களோடு வந்த சந்தியாகோ, வடபுலத்துத் தமிழில் சந்தியோகு ஆகி, 'சந்தியோகுமையோர் அம்மானை' என்ற இலக்கியத்திலும் இடம்பெற்றார்.

ஆக, நாம் பிள்ளைக்கு ஆசையோடு சூட்டும் பெயரும் மூர்களுக்கெதிராக முழங்கப்பட்ட பெயரும் ஒன்றே. சந்தியாகுவும் யஃகூபும் அயலவராக வாழும் கதையொன்றை எழுதுபவர், இருவரும் ஒரே பெயரால் அழைக்கப்படுகிறார்கள் என்பதை அறிந்து எழுதினால், நல்லிணக்கம் பற்றி ஒரு வசனமும் பேசவேண்டியிராது. அதை அடையாளங் காண்பது விமர்சகரின் கடமை.