செந்நிறத் திரவத்தின் சேவை

எஞ்சினின் சக்தியைச் சக்கரங்களை நோக்கிக் கடத்துவதும், கிளச்சுத் தகடுகளை அழுத்தத்தால் இறுக்குவதும், பற்சக்கரங்களின் உராய்வைத் தணிப்பதும், உஷ்ணத்தை ஏந்திச் சென்று வெளியேற்றுவதும் ஆகிய நான்கு காரியங்களையும் கியர்பெட்டியிலுள்ள ஒரே திரவம் ஏற்றுச் செய்கிறது என்பது, பழைய ஆட்டோமேட்டிக் காரை நேசிப்பவர் வியந்து போற்றத் தக்க விஷயமாகும். 1940ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமாட்டிக் கியர்பெட்டி வந்த காலந்தொட்டு இந்த உழைப்பு நடந்து வருகிறது. ஒரு காலத்தில் இத்திரவத்தில் திமிங்கில எண்ணெயும் சேர்க்கப்பட்டது; 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்தபின், ரசாயனப் பொருள்கள் அந்த ஸ்தானத்தை வகித்தன.

புதிதாக இருக்கையில் மாதுளைச் சாறுபோல் துலங்கும் இத்திரவம், நாளடைவில் உஷ்ணத்தால் கபில நிறமடைந்து, கருகிய வாசனை வீசத் தொடங்கும். அப்போது கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றிப் பழைய திரவத்தை வடித்து, தட்டிலுள்ள காந்தத்தில் படிந்த நுண்ணிய இரும்புத் துகளைத் துடைத்து, ஃபில்டரை மாற்றி, தயாரிப்பாளர் விதித்த வகையையே அளவறிந்து ஊற்றுவதற்குச் சிரத்தை வேண்டும். எஞ்சினின் சக்தியைத் திரவத்தின் வழியே கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரில் பெரும்பகுதி தங்கிவிடுவதால், ஒரு முறை வடிப்பதனால் எல்லாம் புதிதாகிவிடுவதில்லை. ஆகவே, இடைவெளி விட்டுச் சில முறை மாற்றுவதே உத்தமம். கண்ணுக்குப் படாத இடத்தில் உழைக்கும் பொருளுக்குக் காலமறிந்து செய்யும் இந்தப் பராமரிப்பை, யந்திர ஞானத்தின் சிறந்த லட்சணம் என்றே நான் மதிக்கிறேன்.