பாறை தள்ளுவோரும் காத்திருப்போரும்

வசதியான குடும்பத்தில் பிறந்து பாரிஸில் ஓவியம் பயின்ற ஒருவர், பிறர் துயரத்தை எவ்வளவு தூரம் உண்மையாகத் தீட்டிவிட முடியும்? அம்ரிதா ஷெர்கில்லின் ஓவியங்களைக் காண்போர் மனத்தில் எழக்கூடிய வினா இது. புதுதில்லியின் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய ‘மூன்று பெண்கள்’ ஓவியத்தின் முன் அண்மையில் நின்றபோது நமக்கும் அது எழுந்தது.

1913-இல் புடாபெஸ்டில் சீக்கியத் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் மகளாய்ப் பிறந்தவர் அம்ரிதா. 1934-இன் இறுதியில் இந்தியா திரும்பினார். 1941-இல் லாகூரில் மறைந்தபோது அவருக்கு வயது 28. திரும்பிய மறு ஆண்டே தீட்டியது இவ்வோவியம். 1937-இல் பம்பாய் ஓவியக் கழகத்தின் தங்கப் பதக்கம் இதற்குக் கிடைத்தது.

இளம்பெண்கள் மூவர் நெருங்கி அமர்ந்திருக்கின்றனர். பின்னணியில் வீடில்லை, மரமில்லை, சன்னலில்லை. ஆடைகளின் சிவப்பும் பச்சையும் ஒளிர்கின்றன, முகங்களோ கவிழ்ந்திருக்கின்றன. அவர்கள் ஒருவரையொருவர் நோக்கவில்லை, நம்மையும் நோக்கவில்லை. கந்தல் இல்லை, கண்ணீர் இல்லை. இரக்கத்தைத் தூண்டும் எளிய கருவிகள் அனைத்தையும் ஓவியர் விலக்கிவிட்டார்.

பல ஆண்டுகளுக்கு முன், பள்ளி மாணவியராய் இங்கே சுற்றுலா வந்ததுண்டு. செங்கோட்டைக்கும் குதுப்மினாருக்கும் நடுவே இக்கூடத்துக்குக் கிடைத்தது அரைமணி நேரம். தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் ‘உழைப்பின் வெற்றி’ இங்கும் நிற்கக் கண்டு, “நம்ம மெரினா சிலை!” என்று குதூகலித்தோம். பாறையை நெம்பும் அந்த நால்வரின் உழைப்பு எவருக்கும் விளங்கும். உள்ளே, இம்மூவரின் முன் தோழி ஒருத்தி மட்டும் நின்றுவிட்டாள். “இவங்க எதுக்காகக் காத்திருக்காங்க?” என்று கேட்டாள். வரிசை கலைகிறதென்று ஆசிரியை அழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே அவளுக்குத் திருமணம். படிப்பு அத்துடன் நின்றது.

அவள் வினாவே இவ்வோவியத்தைத் திறக்கும் திறவுகோல் என இன்று தோன்றுகிறது. சிலையில் பாறை கண்முன் இருக்கிறது. அதைத் தள்ளத் தோள்களும் இருக்கின்றன. ஓவியத்திலும் பாரம் உண்டு. ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. தம் வாழ்வைப் பற்றிய முடிவு வேறெங்கோ எடுக்கப்படுகையில், அதை எதிர்நோக்கி அமர்ந்திருப்பதன் பாரம் அது. அதைச் சுமக்கத் தோள் வலிமை உதவாது. ஆகவேதான் கைகள் மடியில் தளர்ந்து கிடக்கின்றன.

இதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். முகங்கள் மூன்றும் ஒரே சோகத்தின் சாயல்களாகவே நின்றுவிடுகின்றன. ஒருத்தியின் கோபமோ மற்றொருத்தியின் கனவோ தனித்துத் தெரியவில்லை. நம் தோழி நன்றாகச் சிரிப்பாள், வழக்காடுவாள்; அவளுக்கு இதில் முழு இடமில்லை. ஆயினும் தொலைவிலிருந்து பார்த்துத் தீட்டியது என்று இதை ஒதுக்க இயலாது. வசதிபடைத்த வீட்டிலும் பெண்கள் இவ்வாறு அமர்ந்திருந்தார்கள். ஓவியர் அதை அறிந்தே தீட்டியிருக்கிறார்.

தலைநகருக்கு மாணவரை அழைத்துச் செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள். எல்லாக் கூடங்களையும் காட்டி முடிக்க வேண்டியதில்லை. ஏதேனும் ஓர் ஓவியத்தின் முன் கால்மணி நேரம் அவர்களை அமர விடுங்கள். ஒரு மாணவி வினா எழுப்பினால், வரிசை சற்றுக் கலைந்தாலும் பாதகமில்லை.