இதயம் போய்ச் சேர்ந்த பிறகு

'சென்னையில் ஒரு நாள்' (2013) படத்தை இப்போது பார்த்தாலும் சீட் நுனிக்கு வந்துவிடுவோம். சென்னையிலிருந்து வேலூருக்கு ஓர் இதயம் போய்ச் சேரவேண்டும். போக்குவரத்துக் காவலராக வரும் சேரன் வண்டி ஓட்டுகிறார். இதயம் போய்ச் சேர்கிறது, அறுவை சிகிச்சை வெற்றி, கதை முடிந்தது. எனக்குக் குறையே அங்கேதான்.

மலையாள 'டிராஃபிக்'கின் (2011) மறுஆக்கம் இது. பின்னணியில் இருப்பது 2008 சென்னை. மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போனது. சினிமா அந்த நிமிடங்களை எடுத்துக்கொண்டது. அடுத்து வரும் வருடங்களை விட்டுவிட்டது.

பரபரப்பு சாலையில் மட்டுமா இருக்கிறது? 2007இல் கோலாலம்பூர் தேசிய இதயக் கழகத்தில், இயந்திர இதயத்தோடு ஓராண்டு காத்திருந்த 14 வயதுச் சிறுமிக்கு இதயம் கிடைத்தது. உடல் அதை ஏற்கவில்லை. மறுநாளே இன்னொருவரின் இதயத்தைப் பொருத்தினார்கள்.

உடல் ஏற்றுக்கொண்டாலும் நிம்மதி கிடையாது. டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும். அளவு குறைந்தால் உடல் இதயத்தைத் தாக்கும். கூடினால் கிருமித்தொற்று, சிறுநீரகப் பாதிப்பு. பொருத்தும்போது நரம்புகள் வெட்டுப்படுவதால், பின்னாளில் ரத்தக்குழாய் அடைத்தாலும் பலருக்கு நெஞ்சுவலி தெரியாது. இதயம் என்றாலே உணர்ச்சி என்று எழுதிப் பழகிய நமக்கு, வலியைச் சொல்லத் தெரியாத இதயம் எவ்வளவு பெரிய கதை!

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடக்கும்போது இதை யோசிப்பேன். சீனப் புத்தாண்டுக்கு அங்குள்ள குவான் யின் கோயில் படையலில் பம்பளிமாஸ் இருக்கும். டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர் அதைத் தொடக்கூடாது. ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். ஒரு பழச்சுளையை வேண்டாம் என்று தள்ளும் கையைக் காட்ட ஒரு ஷாட் போதும்.

"இதையெல்லாம் காட்டினா யார் தானம் செய்வாங்க?" என்று கேட்கலாம். நியாயமான பயம்தான். ஆனால் இந்தச் சிக்கல்களைத் தாண்டியும் பலர் பத்து, இருபது வருடம் வாழ்கிறார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால் பயம் கூடாது, மரியாதைதான் கூடும்.

பொறியாளர்களுக்கு இது பழகிய விஷயம். இயந்திரம் ஓடத் தொடங்கும் நாளில் ரிப்பன் வெட்டிப் படம் எடுப்பார்கள். பராமரிக்கிறவரை யாரும் படம் எடுப்பதில்லை. "என் பிள்ளை இன்னொருவரிடம் வாழ்கிறான்" என்று ஒரு தாய் நம்புகிறாள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது, தினமும் நேரம் தவறாமல் மாத்திரை போடும் முகம் தெரியாத ஒருவர். அவரைக் கதாநாயகனாக வைத்து நாம் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.