விஷம் முறிந்த பிறகு என்ன கொடுப்பது?

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வருபவருக்கு முதல் சில மணி நேரத்தில் செய்ய வேண்டியதெல்லாம் தமிழ்நாட்டு, இலங்கை மருத்துவமனைகளுக்கு மனப்பாடம். துணியைக் கழற்றி உடம்பைக் கழுவுவார்கள், மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போடுவார்கள், அட்ரோபின் ஏற்றுவார்கள், மூச்சு தளர்ந்தால் வெண்டிலேட்டர். தடுமாற்றம் தொடங்குவது அதற்கடுத்த நாள்களில். உயிர் தங்கிவிட்டது, இனி உணவை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்றால் வார்டுக்கு வார்டு பதில் மாறுகிறது. பிளாஸ்க்கோடு வெளியே நிற்கும் அம்மாவுக்கு மட்டும் ஒரே பதில்: "இப்ப ஒண்ணும் குடுக்காதீங்கம்மா."

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்த விஷம் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்குகிறது. எச்சில் வழிகிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது, குடல் முறுக்கிப் பேதியாகிறது. அதை அடக்கத் தரும் அட்ரோபின் குடலின் அசைவையும் சேர்த்தே அடக்குகிறது. அசையாத வயிற்றில் பாலை ஊற்றினால் அது மேலேறி வந்து நுரையீரலில் இறங்கலாம். கொழுப்புள்ள உணவு விஷத்தை ரத்தத்தில் சேர்த்துவிடும் என்ற பயமும் உண்டு. ஃபென்தியான் போன்ற சில மருந்துகள் கொழுப்பில் கரைபவை என்பதால், வயிற்றில் விஷம் மிச்சமிருக்கும் முதல் சில மணி நேரத்துக்கு அந்த எச்சரிக்கை சரி. நான்காம் நாள்வரை அதை இழுத்துக்கொண்டு போவது வெறும் பழக்கம்.

இந்தப் பழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தியவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர். வெண்டிலேட்டரில் இருக்கும் ஆர்கனோபாஸ்பேட் நோயாளிகளுக்குக் குறைந்த கலோரி உணவைக் குழாய் வழியே சீக்கிரமே தொடங்கிப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு அது ஒத்துக்கொள்ளும் என்று 2009-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. சிறிய ஆய்வுதான், உயிரைக் காத்தது உணவே என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் 'கொடுக்கவே கூடாது' என்ற வாதத்துக்கு அதன் பிறகு இடமில்லை.

பட்டினி போடக் கூடாது என்று புரிந்துகொண்ட வார்டுகள் சில, முதல் நாளிலேயே முழுக் கலோரி இலக்கை எட்டப் பார்க்கின்றன. இதுவும் தவறு. பிரான்சின் 44 ஐ.சி.யூக்களில், ரத்த அழுத்தம் விழுந்து அதைத் தூக்கும் மருந்தில் இருந்த 2,410 பேரிடம் நடந்த நியூட்ரிரியா-2 ஆய்வு 2018-இல் வெளியானது. குழாய் வழியே சீக்கிரமே முழு அளவு உணவு பெற்றவர்களுக்குக் குடலுக்கு ரத்தம் போகாமல் போகும் ஆபத்து கூடியிருந்தது. ஷாக்கில் இருப்பவருக்கு உணவு காத்திருக்கலாம். அவர் நிலைப்பட்ட பிறகு மணிக்கு 10, 20 மில்லி என்று ஆரம்பித்து, வயிறு ஏற்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். நாள்பட்ட குடிப்பழக்கமும் சத்துக்குறைவும் உள்ளவரானால் முதலில் தையமின், பிறகுதான் மாவுச்சத்து. ரத்தத்தில் பாஸ்பேட் சரிகிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

வீட்டுக் கஞ்சியைப் பற்றி உணர்ச்சியைத் தள்ளிவைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 மில்லி கஞ்சியில் 20 கிராம் அரிசி இருந்தால் புரதம் 2 கிராம்கூடத் தேறாது. நாளைக்கு ஆறு வேளை ஊற்றினாலும் பத்து கிராமுக்குள்தான். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் படிப்படியாகக் கூட்டி எட்ட வேண்டிய அளவோ, கிலோவுக்கு 1.3 கிராம் என்ற வழிகாட்டுதல்படி, 65 கிராம். படுத்த படுக்கையில் தசை கரைந்துகொண்டிருப்பவருக்குக் கஞ்சித் தண்ணீர் வெறும் ஆறுதல். டப்பாவில் வரும் பவுடரில் அளவும் சுத்தமும் நிச்சயம். விலைதான் கூலிவேலைக் குடும்பத்தை முறிக்கிறது. முட்டையும் பருப்பும் பாலும் சேர்த்து மருத்துவமனைச் சமையலறையே அளந்து, சுத்தமாக அரைத்து, உடனுக்குடன் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். அரைத்ததை வெளியே மணிக்கணக்கில் வைத்திருந்தால் கிருமி சேரும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. அட்ரோபின் ஒரு சார்ட்டில் ஓடுகிறது, உணவு இன்னொரு சார்ட்டில். இரண்டும் ஒரே குடலில் மோதுகின்றன. அட்ரோபின் போதுமா என்பதை நுரையீரலில் இரைச்சல் அடங்கியதா, நாடி 80-ஐத் தாண்டியதா என்று பார்ப்பார்கள். அக்குளில் கைவைத்து வியர்வை காய்ந்ததா என்றும் பார்ப்பார்கள். அளவு மீறினால் காய்ச்சலும் பிதற்றலும் வரும், வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் குடல் சத்தமே கேட்காது. அந்த மௌனம் அட்ரோபினைக் குறைக்கச் சொல்கிறது, உணவை நிறுத்திப் பிடிக்கவும் சொல்கிறது. பல இடங்களில் அதைக் கேட்டவர் உணவை மட்டும் நிறுத்திவிட்டுப் போகிறார். அட்ரோபின் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மருந்தைக் கொடுக்கும் விதம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சிட்டகாங்கில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு சாட்சி. பழைய முறையில் அட்ரோபின் பெற்றவர்களில் 22.5 சதவீதம் பேர் இறந்தார்கள். ஊசியளவை இரட்டித்துக்கொண்டே போய், அடங்கியதும் சொட்டாக ஏற்றிய குழுவில் 8 சதவீதம். மருந்து ஒன்றேதான். அதே சமயம் வார்டில் 'பாம்' என்று அழைக்கப்படும் பிராலிடாக்சிம் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையைப் பாருங்கள். பாராமதியில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில் தொடர்ந்து ஏற்றியபோது இறப்பு 8 சதவீதத்திலிருந்து 1 ஆகக் குறைந்தது. இலங்கையில் 235 பேரிடம் நடந்து 2009-இல் வந்த ஆய்விலோ பலன் தென்படவில்லை. இப்படி முடிவாகாத மருந்தை எப்பாடுபட்டாவது வாங்கிவிடுகிறோம். அட்ரோபினையும் உணவையும் சேர்த்துப் பார்த்து மணிக்கு மணி அளவு மாற்றும் செவிலியர் போதிய எண்ணிக்கையில் இல்லாததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

குழாயை எடுக்கும் நாளிலும் அதே கவனம் வேண்டும். தேறிவிட்டார் என்று நினைக்கும்போது, விஷம் குடித்த 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் தளர்வதை இலங்கையின் சேனநாயக்கவும் கரலியத்தவும் 1987-இல் விவரித்தார்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியாது. அந்தத் தளர்ச்சி மிச்சமிருக்கும்போது வாய்வழி கஞ்சி கொடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். தலை தூக்குகிறாரா, இருமலுக்குப் பலம் இருக்கிறதா, ஒரு ஸ்பூன் தண்ணீர் புரையேறாமல் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே அம்மாவை உள்ளே விட வேண்டும், பிளாஸ்க்கோடு.