கறுப்பு மட்கார்ட்

புதுக்கடை நீதிமன்றத்தில் தவணை வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் நேரே தேநீர்க் கடைக்குப் போவார்கள். நான் பஞ்சிகாவத்தைக்கு நடப்பேன், உதிரிப்பாகக் கடைகளில் தொங்கும் கறுப்பு மட்கார்ட்களைப் பார்க்க. வெள்ளவத்தைக் கடற்காற்று என் காரைத் தின்றுகொண்டிருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நின்றபின் பழையதைக் காப்பாற்றுவதே பாடாகிவிட, இந்த ரசனையும் கூடவே ஒட்டிக்கொண்டது.

அந்தக் கறுப்பை பிரஷ்ஷும் தொட்டதில்லை, ஸ்பிரேயும் தொட்டதில்லை. பிசினும் நிறமியும் தண்ணீரில் கலந்த தொட்டிக்குள் தகட்டை முக்கி, அதை எதிர்முனையாக்கி, 200, 300 வோல்ட் கொடுக்கிறார்கள். இரண்டு, மூன்று நிமிடம் போதும். பெயின்ட் படிந்த இடம் கரண்டைத் தடுக்கிறது. தடைபட்ட கரண்ட் மூடாத இடம் தேடி மடிப்புக்குள்ளும் குழிக்குள்ளும் நுழைகிறது. எந்தப் பெயின்ட் பாஸின் கையும் எட்டாத மூலையில் 20 மைக்ரோன் கனத்தில் ஒரு தோல்! 1960களில் ஃபோர்ட் தொடங்கியபோது காரின் உடல்தான் நேர்முனை. அதில் இரும்பும் கொஞ்சம் கரைந்து படலத்தில் கலந்துவிடும். முனையை மாற்றிய பிறகுதான் கறளுக்கு உண்மையான எதிரி கிடைத்தது.

குறைகளை வாசிப்பதில்தான் சுவை. ஊசிக்குத்துப் போல் துளைகளா? வோல்ட்டைக் கூட்டிவிட்டார்கள், தகட்டில் கிளம்பிய வாயு படலத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. உள்மடிப்பு வெளிறிக் கிடக்கிறதா? வோல்ட் போதவில்லை, அல்லது அவசரப்பட்டு வெளியே எடுத்துவிட்டார்கள். அம்மைத் தழும்பு மாதிரிக் குழியென்றால் எங்கோ எண்ணெய் கலந்திருக்கிறது. மேல்தளம் மட்டும் சொரசொரப்பென்றால் தொட்டியைச் சரியாகக் கலக்கவில்லை, நிறமி அடியில் தங்கியிருக்கிறது. கூர் விளிம்பை மட்டும் மன்னிப்பேன்: வேகவைக்கும் சூளையில் இளகும் பிசின் அங்கிருந்து பின்வாங்குவது அதன் சுபாவம்.

போன மாதம் ஒரே அச்சில் வார்த்தது போல் இரண்டு மட்கார்ட்கள். மலிவானதுதான் அதிகம் மினுங்கியது. "எது நானா நல்லது?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் தின்னர் நனைத்த துணியை நீட்டினார். "தேச்சுப் பாருங்க தம்பி, பேச்சு என்னத்துக்கு?"

மினுங்கியதில் நாலு தேய்ப்புக்குத் துணி கரியாகிவிட்டது. கப்பலில் கறள் பிடிக்காமலிருக்க அடித்த வெறும் கறுப்பு அது. மற்றதில் கை வலிக்கத் தேய்த்தும் துணி வெள்ளை. சுமார் 170 டிகிரியில் இருபது நிமிடம் முறையாக வெந்த பிசின் தின்னருக்கு மசியாது. போல்ட் துளை வழியே விரலை விட்டு உள்மடிப்பைத் தடவினேன். அங்கேயும் வழவழப்பு.

"வாங்குறதா தம்பி, தடவிக்கிட்டே இருக்கிறதா?" என்றார் நானா.