பக்கக் கூலி

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் ஆய்வு நூல் ஏதாவது கையில் கிடைத்தால் உரிமை விவரம் அச்சான பக்கத்தைப் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில், பக்கங்களை வடிவமைத்த நிறுவனத்தின் பெயரோடு சென்னை என்றோ பாண்டிச்சேரி என்றோ ஊர்ப் பெயர் இருக்க நிறைய வாய்ப்புண்டு. நன்றியுரையில் தன் வீட்டுப் பூனையைக்கூட மறக்காத நூலாசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொடி வரிக்குப் பின்னால் வேலை பார்த்தவர்களில் ஒருவர் பெயர்கூட நூலில் இராது. ஆய்விதழ்களிலோ பெரும்பாலும் அந்த வரியும் இல்லை.

ஆய்வுப் பதிப்பின் செலவைப் பற்றி நெடுங்காலமாக நடக்கும் வாதத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. எழுதுபவருக்கும் மதிப்பிடுபவருக்கும் காசில்லை, நூலகம் மட்டும் காசு கட்டுகிறது, நடுவில் பதிப்பகம் செய்வதுதான் என்ன என்று ஒரு கட்சி கேட்கிறது. செப்பனிட்டு, குறியிட்டு, உலகமெங்கும் கிடைக்கச் செய்கிறோம் என்று பதிப்பகங்கள் பதில் சொல்கின்றன. முதல் கட்சி அப்படியொரு வேலை நடப்பதையே மறந்துவிடுகிறது. இரண்டாம் கட்சி, அடுத்தவர் செய்த வேலையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. அந்த அடுத்தவர்களில் கணிசமானோர் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள்.

இந்தத் தொழிலில் பெரும் லாபம் பார்க்கலாம் என்பதே பிந்தி வந்த எண்ணம். 1665இல் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழைச் சொந்தப் பொறுப்பில் தொடங்கியபோது கொஞ்சம் வருமானத்தை எதிர்பார்த்தார், வந்தது சொற்பம். பின்னர் இதழை எடுத்துக்கொண்ட சொசைட்டியும் நெடுங்காலம் கைநஷ்டத்தில்தான் நடத்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசுகள் அறிவியலில் பணத்தைக் கொட்டத் தொடங்கியதும் கணக்கு மாறிற்று. 1951இல் பெர்கமான் பதிப்பகத்தைக் கைக்கொண்ட ராபர்ட் மேக்ஸ்வெல் அந்த மாற்றத்தை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர். அரிசி விலை ஏறினால் கோதுமைக்கு மாறலாம். ஓர் ஆய்விதழின் விலை ஏறினால் வேறோர் இதழை வாங்கிச் சமாளிக்க முடியாது, ஏனெனில் ஒன்றில் வந்த கட்டுரை மற்றொன்றில் வராது. 1991இல் பெர்கமானை அவர் எல்செவியர் பதிப்பகத்துக்கு 44 கோடி பவுண்டுக்கு விற்றார். எல்செவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ், 2023இல் அறிவியல் மருத்துவப் பிரிவில் ஈட்டிய வருவாய் ஏறத்தாழ 306 கோடி பவுண்டு. அதில் இயக்க லாபம் 38 விழுக்காடு. தரவுத்தளச் சேவைகளின் வருமானமும் இதில் அடக்கம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகும் மலைப்பு குறையவில்லை.

கூலியில்லா உழைப்பைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் மதிப்பீட்டாளர்கள் கட்டுரைகளை மதிப்பிடச் செலவிட்ட நேரம் 10 கோடி மணிக்கு மேல் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்க மதிப்பீட்டாளர்களின் நேரத்துக்கு மட்டும் சம்பளம் போட்டால் 150 கோடி டாலரைத் தாண்டும். இதற்குள்ளும் ஓர் ஒளிவு உண்டு. பேராசிரியர் பெயரில் போகும் மதிப்பீட்டை அவரிடம் வேலை பார்க்கும் இளம் ஆய்வாளர் எழுதியிருப்பார். இதழாசிரியருக்கு அது தெரியாது. 2019இல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில் பதிலளித்த இளம் ஆய்வாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அப்படி எழுதியிருப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

பேசப்படாதது கூலியுள்ள உழைப்பு. இதழ்கள் கணினித் திரைக்கு நகர்ந்த 1990களில், பக்கத்தைக் கண்ணுக்கு அழகாகக் கோத்தால் மட்டும் போதவில்லை. தலைப்பு எது, ஆசிரியர் பெயர் எது, மேற்கோள் பட்டியலில் ஆண்டு எது, பக்க எண் எது என்று ஒவ்வொரு துணுக்குக்கும் குறியிட்டு, முதலில் எஸ்ஜிஎம்எல், பிறகு எக்ஸ்எம்எல் என்ற கணினிக் குறிமொழிக்கு மாற்ற வேண்டியிருந்தது. பொறுமையும் ஆங்கிலமும் வேண்டும், கூலி குறைவாக இருக்க வேண்டும். லண்டனிலோ நியூயார்க்கிலோ அலுவலகம் மூடும் நேரத்தில் கோப்பை அனுப்பினால் மறுநாள் காலை வேலை நகர்ந்திருக்க வேண்டும். 1994இல் புதுச்சேரியில் இன்டெக்ரா, 1998இல் சென்னையில் டிஎன்க்யூ என்று நிறுவனங்கள் முளைத்தன. நியூஜென், லேசர்வேர்ட்ஸ் எனப் பட்டியல் நீளும். விலங்கியலும் வேதியியலும் ஆங்கில இலக்கியமும் படித்துவிட்டுக் கல்லூரி வேலைக்குக் காத்திருந்தவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஆசிரியர் அனுப்பும் வேர்டு கோப்பு எப்படியும் இருக்கும்: சமன்பாட்டைப் படமாக ஒட்டியிருப்பார், மேற்கோள்களை மூன்று விதமாக எழுதியிருப்பார். ப்ரீ எடிட்டிங்கில் அது துப்புரவாகும். காப்பி எடிட்டர் மொழியையும் இதழின் நடைவிதிகளையும் பார்ப்பார். படங்களுக்குத் தனிப் பிரிவு. பிறகு பேஜினேஷன் என்ற பக்க அமைப்பு, அதன்பின் கியூசி என்ற தரச் சரிபார்ப்பு. ஆசிரியருக்கு ப்ரூஃப் போகும்போது ஓரத்தில் எண்ணிட்ட கேள்விகள் இருக்கும். துறையில் அவற்றுக்கு ஏக்யூ என்று பெயர். பன்னிரண்டாம் மேற்கோள் பட்டியலில் இருக்கிறது, கட்டுரையில் காணவில்லை. மூன்றாம் அட்டவணையின் கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை. இரண்டு மதிப்பீட்டாளர்களும் ஓர் இதழாசிரியரும் பார்த்துத் தேறிய கட்டுரையில் இவற்றைக் கண்டுபிடிப்பவர், கட்டுரை விற்கப்படும் விலையில் ஒரு துளியும் காணாதவர். பதிப்பகத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் பக்கக் கணக்கில். அந்தப் பக்கக் கணக்கு நிறுவனத்துக்குள் நாள் டார்கெட்டாக இறங்கும்.

இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. எக்ஸ்எம்எல் அமைப்பு ஒவ்வொரு ஆசிரியருக்கும் குடும்பப் பெயர் ஒன்றையும் இடுபெயர் ஒன்றையும் கேட்கும். தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அது நன்றாகத் தெரிந்த, அதே மாதிரி பெயரைத் தாங்கிய ஒருவர்தான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, குடும்பப் பெயர் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று மதுரைக்காரர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் ஏக்யூ எழுதுகிறார். பதில் வராவிட்டால் தகப்பனார் பெயரே குடும்பப் பெயராகிவிடலாம்; கட்டுரைக்குச் சேர வேண்டிய மேற்கோள்கள் காலஞ்சென்ற தகப்பனார் கணக்கில் ஏறலாம்.

மேலைநாட்டு ஆய்வாளர்கள் ப்ரூஃபில் பிழை கண்டால் இந்தியாவில் யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று குமுறுவதுண்டு. சில பிழைகள் உண்மைதான். ஆனால் அத்தனை குறைந்த விலைக்கும் அத்தனை குறுகிய கெடுவுக்கும் வேலையைப் பேசி முடித்தது யார் என்று அவர்கள் கேட்பதில்லை.

இனி விலை. 2021இல் அலெக்சாண்டர் குரோஸ்மனும் பியோர்ன் பிரெம்ப்ஸும் சந்தை நிலவரத்தை வைத்து ஒரு கட்டுரையைப் பதிப்பிக்க ஆகும் செலவைக் கணக்கிட்டார்கள். சாதாரண இதழில் 200 டாலருக்கும் குறைவாக முடிக்கலாம். வரும் கட்டுரைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நிராகரிக்கும் பெரிய இதழிலும் ஏறத்தாழ 1,000 டாலர்தான் என்றார்கள். ‘நேச்சர்’ இதழில் கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட ஆசிரியர் தரப்பு கட்ட வேண்டிய கட்டணம் 2020இல் 9,500 யூரோ என்று அறிவிக்கப்பட்டது. நிராகரிக்கும் கட்டுரைகளுக்கும் செலவிருக்கிறது என்பது பதிப்பகத்தின் வாதம். நியாயமான வாதம்தான், அந்த இடைவெளி முழுவதையும் அது அடைக்கவில்லை. 2023இல் ‘நியூரோஇமேஜ்’ இதழின் ஆசிரியர் குழுவினர் நாற்பதுக்கு மேற்பட்டோர், 3,450 டாலர் கட்டணத்தைக் குறைக்க எல்செவியர் மறுத்ததால் ஒட்டுமொத்தமாக விலகி வேறோர் இதழைத் தொடங்கினார்கள். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட கூட்டு விலகலை நான் கேள்விப்பட்டதில்லை.

நம் பக்கத்துக் கதை வேறு. பதவி உயர்வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் கட்டுரை எண்ணிக்கை அளவுகோலானதும் காசு கட்டினால் கட்டுரை வெளிவரும் ஒரு தனிச் சந்தை கீழ்த்தட்டில் உருவானது. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியதே அது எவ்வளவு பெருத்திருந்தது என்பதற்குச் சான்று. தமிழ்த் துறைகளில் அதற்கென்றே ஒரு வடிவம் உண்டு: பன்னாட்டுக் கருத்தரங்கம். மலேசியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஒருவர் வந்துவிட்டால் பன்னாடு. கட்டணம் கட்டியவர் எல்லோருடைய கட்டுரையும் ஐஎஸ்பிஎன் எண்ணோடு தடித்த தொகுப்பாக வரும். அதை ஆசிரியருக்கும் பதவி உயர்வுக் குழுவுக்கும் அப்பால் படிப்பவர் அரிது. உதவித்தொகை நின்றுபோன மாணவர் கைக்காசிலிருந்து கட்டும் அந்தத் தொகை எந்தத் தேசியக் கணக்கிலும் வராது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை 2022இல் மானியக் குழு தளர்த்தியது. வழக்கம் அவ்வளவு சீக்கிரம் தளரவில்லை.

மேல்தட்டுச் சந்தைக்கு அரசே நேரடியாகப் பணம் கட்டுகிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். 6,300க்கு மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் இதனால் பயன்பெறும். தனித்தனியாகப் பேரம் பேசித் தோற்றுக்கொண்டிருந்த நூலகங்களுக்கு இது நிம்மதிதான். சிறிய ஊர் அரசுக் கல்லூரிக்கு முன்பு எட்டாத இதழ்கள் இப்போது எட்டுகின்றன. ஆனால் ஆய்வாளருக்குச் சம்பளம், ஆய்வுக்கு நிதி, மதிப்பீட்டாளரின் நேரம், கடைசியில் சந்தா என நான்கு இடத்தில் பொதுப்பணம் போகிறது. சந்தா ஒப்பந்தம் 2027 முடிவில் மறுபடி மேசைக்கு வரும். அப்போது செலவு அதிகம் என்று பதிப்பகங்கள் சொன்னால், அந்தச் செலவில் பக்கக் கூலி எவ்வளவு என்று கேட்க உலகத்திலேயே இந்தியாவுக்குத்தான் வசதி அதிகம். விடை சென்னை அண்ணா சாலையிலேயே கிடைக்கும்.

இத்திட்டம் தொடங்கியபோது அரசு நிறுவனங்களுக்கு மட்டுமானது. தமிழ்நாட்டில் மாணவர்கள் பெருவாரியாகப் படிக்கும் சுயநிதிக் கல்லூரிகள் அதற்கு வெளியே நின்றன. பதிப்புச் சேவை நிறுவனங்கள் தனியார் கம்பெனிகள். அவை பட்டியலில் வர வழியே இல்லை. புதுச்சேரியில் ஒரு கட்டுரையை வரிக்கு வரி செப்பனிட்டு, குறியிட்டு, மூன்று முறை சரிபார்த்து அனுப்பியவர் அது வெளியான பின் வீட்டுக் கணினியில் திறக்க முயன்றால், சுருக்கம் மட்டும் தெரியும். மிச்சத்துக்கு டாலரில் விலை கேட்கும்.